ஆள்வோரும் அலுவலரும்: வட அயர்லாந்தின் ஆட்சிப் பணி தரும் பாடம்

கூட்டுறவு அங்கத்தினர்களுக்காக நடத்தப்பெறும் வகுப்புகளில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. நிர்வாகக் குழுவினர் தேர்தலில் வருகிறார்கள். காலம் முடிந்ததும் போகிறார்கள். காரியதரிசியும் கணக்கரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அங்ஙனமாயின் சங்கத்தை நடத்துவோர் யார்? வாக்குப் பெற்று வந்தவர்களா, சம்பளம் பெற்று வேலை செய்பவர்களா?

இவ்வினா சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று. மக்களாட்சி நடைபெறும் எல்லா நாடுகளுக்கும் உரியது. சட்டசபைக்கு வருவோர் மாறுவர். காரியாலயத்தில் இருப்போர் மாறார். இவ்விரு சாராருக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு எங்கே இருக்கிறது, அது அழிந்தால் என்ன நேரும் என்பதைச் சிறியதோர் அரசாங்கத்தை வைத்துக் கற்பது எளிது. அதற்கென வட அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்கள் எவருமின்றி உத்தியோகஸ்தர்கள் மட்டுமே ஆண்டுக்கணக்கில் இலாகாக்களை நடத்த நேர்ந்த நாடு அது. ஆகவே நம் வினாவுக்கு அங்கே நடைமுறையிலேயே விடை கிடைத்திருக்கிறது.

நாடும் அரசாங்கமும்

வட அயர்லாந்து, ஐக்கிய ராஜ்யத்தின் நான்கு பகுதிகளுள் ஒன்று. 2021-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அதன் ஜனத்தொகை ஏறத்தாழ 19 லட்சம். அதன் தலைநகரான பெல்ஃபாஸ்ட், ஆளிச்செடியின் நாரைக் கொண்டு நெய்யப்படும் லினன் துணிக்கு ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. ஆகவே நெசவாளர்களாகிய நம் அங்கத்தினர்களுக்கு அது முற்றிலும் அந்நியமான ஊரன்று.

இந்நாட்டின் அரசாங்கம் முழுச் சுதந்தரமுள்ள அரசாங்கம் அன்று. லண்டன் பார்லிமெண்டு தன் அதிகாரங்களுள் சிலவற்றைச் சட்டத்தின் மூலம் பிரித்துக் கொடுத்ததால் ஏற்பட்டது. இதனை அதிகாரப் பகிர்வு என்பர். பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு போன்றவை லண்டனிடமே இருக்கின்றன. கல்வி, சுகாதாரம், விவசாயம், சாலைகள் போன்றவை பெல்ஃபாஸ்டின் பொறுப்பு. முதன்முதலில் 1921-ல் இங்கே ஒரு பார்லிமெண்டு ஏற்பட்டது. இரு சமூகத்தாருக்கும் இடையே மூண்ட கலவரங்களின் விளைவாக 1972-ல் லண்டன் நேரடி ஆட்சியை மேற்கொண்டது. 1998-ம் ஆண்டு ஏப்ரல் 10-ல் கையெழுத்தான சமாதான உடன்படிக்கைக்குப் பின், 1999-ம் ஆண்டு டிசம்பரில் அதிகாரம் மீண்டும் பெல்ஃபாஸ்டுக்கு வந்தது.

இவ்வளவு மாற்றங்களுக்கும் இடையே மாறாமல் தொடர்ந்து வந்தது ஒன்று உண்டு. அதுவே 1921-ல் அமைந்த வட அயர்லாந்து ஆட்சிப் பணி. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும்கூட 1999 முதல் பகிர்ந்தளிக்கப்பட்ட அரசாங்கங்கள் உள்ளன. ஆனால் அங்கே வேலை பார்க்கும் உத்தியோகஸ்தர்கள், தத்தம் அமைச்சர்களுக்கே கட்டுப்பட்டவர்களாயினும், பிரிட்டன் முழுமைக்கும் பொதுவான ஆட்சிப் பணியைச் சேர்ந்தவர்கள். வட அயர்லாந்தின் பணியோ தனக்கென்று தனியே அமைந்தது. நேரடி ஆட்சிக் காலத்தில் லண்டனிலிருந்து வந்த அமைச்சர்களுக்கும், உள்ளூர்ச் சட்டசபையிலிருந்து வந்த அமைச்சர்களுக்கும் ஒரே காரியாலயம் ஊழியம் புரிந்தது.

இலாகாக்களும் அமைச்சர்களும்

சட்டசபையில் இப்பொழுது 90 ஸ்தானங்கள். 18 தொகுதிகளிலிருந்து தொகுதிக்கு ஐவராகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 2016-ல் இலாகாக்களின் எண்ணிக்கை பன்னிரண்டிலிருந்து ஒன்பதாகக் குறைக்கப்பட்டது. அவை: நிர்வாகத் தலைமை அலுவலகம், விவசாயம் மற்றும் சுற்றுப்புறம், சமூக நலன், பொருளாதாரம், கல்வி, நிதி, சுகாதாரம், சாலை முதலிய அடிப்படை வசதிகள், நீதி என்பன.

அமைச்சர் பதவிகள் வென்ற கட்சிக்கு மட்டும் சேர்வதில்லை. ஒரு கட்சி பெற்ற ஸ்தானங்களை, அது அதுவரை பெற்ற இலாகாக்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வகுப்பர். எக்கட்சிக்கு ஈவு மிகுதியாக வருகிறதோ, அக்கட்சி அடுத்த இலாகாவைத் தேர்ந்துகொள்ளும். நீதி இலாகா மட்டும் இரு சமூகப் பிரதிநிதிகளின் ஆதரவையும் பெற்ற வாக்கெடுப்பினால் நிரப்பப்படும். இம்முறையினால் ஒன்றையொன்று எதிர்க்கும் கட்சிகளின் அமைச்சர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றனர். முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் அதிகாரத்தில் சமமானவர்கள். ஒருவர் விலகினால் மற்றவரும் அப்பதவியில் நீடிக்க இயலாது.

உத்தியோகஸ்தர்களின் படிவரிசை

ஒவ்வோர் இலாகாவுக்கும் தலைமை உத்தியோகஸ்தராக நிரந்தரக் காரியதரிசி ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கீழே துணைக் காரியதரிசிகள், உதவிக் காரியதரிசிகள், பிரின்சிபல்கள், டெபுடி பிரின்சிபல்கள், ஸ்டாஃப் ஆபீஸர்கள், நிறைவேற்று அலுவலர்கள், எழுத்து வேலை பார்க்கும் அலுவலர்கள், உதவியாளர்கள் எனப் படிகள் இறங்குகின்றன. காரியதரிசிகள் அனைவருக்கும் மூத்தவராக ஆட்சிப் பணித் தலைவர் ஒருவர் விளங்குகிறார். பள்ளி ஆசிரியர், மருத்துவமனைத் தாதி, போலீஸ்காரர் ஆகியோர் பொதுப் பணத்தில் சம்பளம் பெற்றாலும் இந்த ஆட்சிப் பணியில் சேர்ந்தவர்கள் அல்லர்.

உத்தியோகத்திற்கு ஆளெடுப்பதில் அமைச்சருக்கு உரிமை கிடையாது. தகுதியின் அடிப்படையில், யாவரும் போட்டியிடக்கூடிய முறையில் நியமனம் நடைபெறவேண்டும். இதனைக் கண்காணிக்க ஆட்சிப் பணி ஆணையாளர்கள் தனியே உள்ளனர். அமைச்சர் தம் கட்சி நோக்கங்களுக்கு ஆலோசனை பெறத் தனி ஆலோசகரை வைத்துக்கொள்ளலாம். அவர் அமைச்சருடன் வந்து அமைச்சருடன் போகிறவர். ஏனையோர் அனைவரும் கட்சி சார்பற்றவர்களாக, எந்த அமைச்சர் வந்தாலும் ஒரே விதமாக ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர்கள்.

யார் எதற்குப் பொறுப்பு?

இப்பாடத்தின் மையம் இதுவே. அங்கத்தினர்கள் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். 1999-ம் ஆண்டின் இலாகாக்கள் பற்றிய சட்ட ஆணையின்படி, ஓர் இலாகாவின் அலுவல்கள் எல்லாக் காலத்திலும் அமைச்சரின் கட்டளைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டே நடைபெறவேண்டும். அதாவது, முடிவு அமைச்சருடையது.

ஆனால் பணத்திற்குப் பொறுப்பு நிரந்தரக் காரியதரிசியுடையது. அவர் இலாகாவின் கணக்குப் பொறுப்பு அலுவலர் ஆவார். ஒவ்வொரு செலவும் சட்டத்திற்கு உட்பட்டதா, செலவிட்ட பணத்திற்கு உரிய பயன் கிட்டுமா என்று அவர் பார்க்கவேண்டும். சட்டசபையின் பொதுக் கணக்குக் குழு கூப்பிட்டால் அவரே நேரில் சென்று பதிலிறுக்கவேண்டும். தகாத செலவொன்றை அமைச்சர் செய்யச் சொன்னால் அவர் வாளாவிருத்தல் கூடாது. தம் ஆட்சேபத்தைத் தெரிவித்து, எழுத்து மூலமான கட்டளையை அமைச்சரிடம் கேட்டுப் பெறவேண்டும். அக்கட்டளை தலைமைத் தணிக்கையாளருக்கும் தெரிவிக்கப்படும். அதன் பின்னர் அம்முடிவின் பொறுப்பு அமைச்சரைச் சாரும்.

இவ்வாறு முடிவு ஒருவர் கையிலும், எச்சரிக்கை மற்றொருவர் வாயிலும், தணிக்கை மூன்றாமவர் கண்ணிலும் இருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடே. நடைமுறையில் இது தவறிய கதையையும் காண்போம்.

எரிக்க எரிக்க இலாபம் தந்த திட்டம்

2012-ம் ஆண்டு நவம்பரில் அப்போதைய தொழில், வாணிப இலாகா ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எண்ணெயையும் நிலக்கரியையும் விடுத்து, மரத்தூளை அழுத்திச் செய்த எரிகட்டிகள் முதலிய எரிபொருள்களைக் கொண்டு தொழிலிடங்களைச் சூடேற்றுவோருக்கு, உண்டாக்கும் வெப்பத்தின் அளவுக்கேற்ப 20 ஆண்டுகளுக்கு உதவித் தொகை கொடுப்பது என்பது ஏற்பாடு. கோழிப் பண்ணையாளர் பலர் இதில் சேர்ந்தனர். குளிர் மிகுந்த நாட்டில் பண்ணைக் கொட்டகைகளுக்கு வெப்பம் இன்றியமையாதது.

நோக்கம் நல்லதே. பிழை விகிதத்தில் இருந்தது. உதவித் தொகை எரிபொருளின் விலையைக் காட்டிலும் மிகுதியாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. நூறு ரூபாய்க்கு விறகு வாங்கி எரித்தவனுக்கு நூறுக்கும் மேற்பட்ட தொகை திரும்பக் கிடைத்தால், அவன் அடுப்பை அணைப்பானோ? பிரிட்டனின் பிற பகுதிகளில் நடந்த இத்தகைய திட்டத்தில் இதற்குத் தடை இருந்தது. ஆண்டுக்கு 1,314 மணி நேரம் வரையில் உயர்ந்த விகிதம், அதற்குமேல் மிகக் குறைந்த விகிதம் என்று அங்கே வரையறுத்திருந்தார்கள். பெல்ஃபாஸ்டில் அத்தடை சேர்க்கப்படவில்லை. செலவுக்கு மொத்த உச்சவரம்பும் இல்லை. பணம் முழுவதும் லண்டன் கருவூலத்திலிருந்து வரும் என்ற எண்ணம் இலாகாவில் நிலவியது. வரம்பு மீறினால் சுமை தங்கள் வரவு செலவுத் திட்டத்தின்மீதே விழும் என்பது உரிய அளவில் உணரப்படவில்லை.

2013-ல், வெப்பச் சிக்கனக் கருவிகளை விற்கும் சிறு தொழில் நடத்திய ஒரு பெண்மணி, திட்டத்தின் இக்குறையைக் கண்டு எழுதினார். உத்தியோகஸ்தர்களை நேரிலும் சந்தித்தார். அவர் சொன்னது ஏற்கப்படவில்லை. 2014-ல் திட்டத்தை மறுபரிசீலனை செய்வதாக முன்னரே உறுதி கூறப்பட்டிருந்தது. அதற்குள் திட்டத்தைக் கவனித்த உத்தியோகஸ்தர்கள் வேறு இடங்களுக்குச் சென்றுவிட்டனர். புதிதாக வந்தோரிடம் அவ்வுறுதி முறையாக ஒப்படைக்கப்படவில்லை. மறுபரிசீலனை நடைபெறவே இல்லை. 2015 நவம்பரில் விகிதம் மாற்றப்படும் என்று தெரிந்ததும், அதற்கு முந்திய சில வாரங்களில் விண்ணப்பங்கள் வெள்ளம்போல் வந்தன. 2016 பிப்ரவரி இறுதியில் திட்டம் புதியோருக்கு மூடப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை குறைகளை வெளிக்கொணர்ந்தது. அரசியல் புயல் மூண்டது. 2017 ஜனவரி 9-ல் துணை முதலமைச்சர் மார்ட்டின் மக்கின்னஸ் பதவி விலகினார். ஒருவர் விலகினால் மற்றவரும் நீடிக்க இயலாது என்று முன்னர் கண்டோம். அவ்விதி இப்போது வேலை செய்தது. அரசாங்கம் கவிழ்ந்தது.

ஓய்வு பெற்ற நீதிபதி சர் பாட்ரிக் காக்லினின் தலைமையில் விசாரணை நடைபெற்றது. திட்டத்தின் விதிகளைத் தாம் வாசிக்கவில்லை என்று அப்போது இலாகாவை வகித்த அமைச்சர் விசாரணையில் கூறினார். அமைச்சர்களின் கூட்டங்கள் பலவற்றுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதப்படவில்லை என்பதை 2018 மார்ச்சில் ஆட்சிப் பணித் தலைவரே ஒப்புக்கொண்டார். எழுதி வைத்தால் பின்னர் வெளியாகிக் கட்சிகளுக்குச் சங்கடம் நேரும். எழுதாதிருப்பதே சில வேளை பத்திரம் என்ற பழக்கம் ஊறிவிட்டதாக அவர் சாட்சியம் பகர்ந்தார்.

2020 மார்ச்சில் வெளிவந்த விசாரணை அறிக்கையில் 319 முடிவுகளும் 44 பரிந்துரைகளும் இருந்தன. அவற்றுள் தலையானது நம் சிந்தனைக்கு உரியது. இவ்வளவு பெரிய கேடு லஞ்சத்தினாலோ தீய எண்ணத்தினாலோ விளைந்ததன்று. சிறு சிறு பிழைகளும் விடுபாடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதால் விளைந்தது என்பதே அது. திருடனின்றியே வீடு காலியாகலாம்.

அமைச்சர் இல்லாத மூன்றாண்டுகள்

2017 மார்ச்சில் தேர்தல் நடந்தும் கட்சிகளிடையே உடன்பாடு ஏற்படவில்லை. 2020 ஜனவரி வரையில் ஒன்பது இலாகாக்களிலும் அமைச்சர் இல்லை. முன்னர் 2002 முதல் 2007 வரை சட்டசபை முடங்கியிருந்தபோது லண்டனிலிருந்து அமைச்சர்கள் வந்தார்கள். இம்முறை அவர்களும் வரவில்லை. நிரந்தரக் காரியதரிசிகளே இலாகாக்களின் உச்சியில் இருந்தனர். சம்பளம் வழங்குதல், பள்ளி நடத்துதல், சாலையைச் செப்பனிடுதல் ஆகிய அன்றாட வேலைகள் நடந்தன. புதிய முடிவு வேண்டிய இடத்தில்தான் இடர் எழுந்தது.

பெல்ஃபாஸ்டுக்கு வடக்கே ஹைடவுன் கல்குவாரியில் குப்பையை எரித்து மின்சாரம் உண்டாக்கும் பெரியதோர் ஆலையை அமைக்க விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. ஊரார் பலர் எதிர்த்தனர். 2017 செப்டம்பரில், அடிப்படை வசதிகள் இலாகாவின் நிரந்தரக் காரியதரிசி அதற்கு அனுமதி வழங்கினார். பொதுநலம் கருதி, இனியும் தாமதிக்கலாகாது என்பது அவர் தரப்பு. எதிர்த்தோர் நீதிமன்றத்தை நாடினர். 2018 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்துச் செய்தது. அமைச்சரின் கட்டளைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டு நடக்கவேண்டிய இலாகா, அமைச்சர் இல்லாத நீண்ட காலத்தில் இத்தகைய முடிவைத் தானே எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை என்பது தீர்ப்பின் கருத்து. ஜூலையில் மேல் முறையீடும் தள்ளப்பட்டது.

இதனால் காரியாலயங்கள் திகைத்தன. எந்த முடிவை எடுக்கலாம், எதை எடுக்கலாகாது என்று தெரியாமல் கோப்புகள் தேங்கின. அவ்வாண்டு நவம்பரில் லண்டன் பார்லிமெண்டு ஒரு தற்காலிகச் சட்டம் இயற்றியது. அமைச்சர் இல்லாத காலத்தில், பொதுநலத்தின் பொருட்டு அவசியம் என்று மூத்த உத்தியோகஸ்தர் ஒருவர் திருப்தியுற்றால் இலாகாவின் அலுவலைச் செய்யலாம் என்பது அதன் சாரம். 2022 அக்டோபர் முதல் மீண்டும் அமைச்சர்கள் இல்லாமற் போனபோதும் இத்தகைய சட்டமே வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரி 3-ல் அமைச்சரவை மறுபடி அமைந்தது.

இதற்கிடையே 2021-ல் பெல்ஃபாஸ்டுச் சட்டசபையே ஒரு சட்டம் செய்து, அமைச்சரின் கூட்டங்களுக்கு எழுத்துக் குறிப்பு வைத்திருக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. எழுதாப் பழக்கத்தைச் சட்டத்தினாலேயே மாற்ற வேண்டியதாயிற்று.

நமக்குரியது யாது?

நம் சங்கங்களிலும் நிர்வாகக் குழு இல்லாத காலங்களில் தனி அலுவலர் பொறுப்பேற்பதுண்டு. இங்கே குறிக்கத்தக்க வேற்றுமை ஒன்று இருக்கிறது. நம் தனி அலுவலருக்குக் குழுவின் அதிகாரங்களைச் சட்டமே கொடுக்கிறது. பெல்ஃபாஸ்டின் காரியதரிசிக்கு அத்தகைய சட்டம் 2018 வரை இல்லை. ஆயினும் இருவருக்கும் பொதுவான உண்மை ஒன்றே: அலுவலர் ஒருவரின் அதிகாரம் அவருடைய அனுபவத்திலிருந்தோ நல்லெண்ணத்திலிருந்தோ பிறப்பதன்று. தேர்ந்தெடுக்கப்பட்டோர் வழியாகவோ சட்டத்தின் வழியாகவோ மக்களிடமிருந்தே வருவது. அலுவலர் மட்டும் இருக்கும் காலம் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் அது காத்திருக்கும் காலமேயன்றி முன்னேறும் காலம் ஆகாது.

ஆகவே குழு அங்கத்தினர்கள் செய்யவேண்டியது, தம்முன் வைக்கப்படும் காகிதத்தை வாசித்தல். நூல் கொள்முதலாயினும், விதைக் கடனாயினும், பண்டிகைக் காலத் தள்ளுபடியாயினும், விகிதமும் உச்சவரம்பும் முடிவு தேதியும் அதில் உள்ளனவா என்று கேட்காமல் கையொப்பமிடலாகாது. ‘காரியதரிசி பார்த்திருப்பார்’ என்று குழுவும், ‘குழு சொன்னது’ என்று காரியதரிசியும் இருந்துவிட்டால், அச்சங்கத்தில் பார்த்தவர் ஒருவருமில்லை என்பதே பொருள்.

காரியதரிசிகள் செய்யவேண்டியது, எச்சரிக்கையை எழுத்தில் வைத்தல். வாய்மொழியாகச் சொன்ன ஆட்சேபம் காற்றோடு போகும். தீர்மானப் புத்தகத்தில், ‘இச்செலவு துணை விதிக்கு முரணானது என்று காரியதரிசி தெரிவித்தார்’ என்ற ஒரு வரி இருந்தால், அது சங்கத்தையும் காக்கும், அவரையும் காக்கும். ஆய்வுக்காக நாம் ஒரு சங்கத்திற்குச் செல்லும்போது பணப் பெட்டிக்கு முன்னதாகத் தீர்மானப் புத்தகத்தைக் கேட்பது இதனாலேயே. பெட்டியில் குறைந்ததை எண்ணிக் கண்டுபிடிக்கலாம். எழுதப்படாத தீர்மானத்தை எவராலும் கண்டுபிடிக்க இயலாது.

பொறுப்பு மாறும்போது சாவியையும் ரொக்கத்தையும் மட்டும் ஒப்படைத்தால் போதாது. முடிக்கவேண்டிய வேலைகள், கொடுத்த வாக்குறுதிகள், மறுபரிசீலனை செய்வதாகச் சொன்ன தேதிகள் ஆகியவற்றின் பட்டியலையும் ஒப்படைக்கவேண்டும். முடிவில், சாதாரண அங்கத்தினர் ஒருவர் எழுதும் கடிதத்தை இகழலாகாது. ஓர் இலாகா முழுவதும் காணாத குறையை வெளியிலிருந்து ஒரு பெண்மணி கண்டார். அவருடைய கடிதத்தை எவரேனும் கணக்கிட்டுப் பார்த்திருப்பின், ஓர் அரசாங்கமே நிலைத்திருக்கக்கூடும்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இப்போது தெளிவு. சங்கத்தை நடத்துவோர் தேர்ந்தெடுக்கப்பட்டோரே. நடக்கும்படி செய்வோர் அலுவலர். நடந்ததா என்று கேட்கும் உரிமையுடையோர் அங்கத்தினர். இம்மூவருள் ஒருவர் தம் இடத்தை விட்டு அகன்றாலும் மற்ற இருவரால் அவ்விடத்தை நிரப்ப இயலாது.

படிப்பு வட்டத்தினர் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் சென்ற மூன்று குழுக் கூட்டங்களின் தீர்மானங்களை வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா?

2. குழு எடுக்கவேண்டிய முடிவுகள் யாவை? காரியதரிசி தாமே செய்துவிடக்கூடிய அன்றாட வேலைகள் யாவை? துணை விதிகளைக் கொண்டு இரு பட்டியல்கள் தயாரிக்கவும்.

3. சங்கம் இப்பொழுது கொடுத்துவரும் கடனிலோ தள்ளுபடியிலோ, உச்சவரம்பும் முடிவு தேதியும் இல்லாதது ஏதேனும் உண்டா?

4. அங்கத்தினர் எழுதும் புகார்க் கடிதம் நம் சங்கத்தில் யார் கைக்குச் செல்கிறது? எத்தனை நாட்களில் அதற்குப் பதில் போகிறது?